கத்தியை எடுக்கும் முன் யோசித்தவர்: குர்துபாவின் மருத்துவர் அஸ்ஸஹ்ராவி

சிறுநீர்க் கல்லின் வலி எப்படிப்பட்டது என்று அதைப் பட்டவரிடம்தான் கேட்க வேண்டும். விலாவுக்குக் கீழே சுருக்கென்று தொடங்கி, இடுப்பைச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது, நடந்தாலும் தீராது. வளைகுடா நாட்டு வெயிலில் பத்து இருபது ஆண்டுகள் உழைத்து, நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் உடம்பைக் காய்ச்சிக்கொண்டு ஊர் திரும்பிய நம் வீட்டு ஆண்கள் பலருக்கு இந்த வலி பழக்கமானது.

இன்று இதற்காகப் பெரும்பாலும் யாரும் இடுப்பைக் கிழிப்பதில்லை. ஸ்கேன் எடுக்கிறார்கள், கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கிறார்கள். சிறியதாக இருந்தால் மருந்து கொடுத்துத் தானாக வெளியேற விடுகிறார்கள். இல்லையென்றால் சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குகிறார்கள். பெரிய கல்லானால் முதுகுப் பக்கம் விரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை போட்டு எடுக்கிறார்கள். சில நாட்களில் நோயாளி வீட்டுக்கு வந்து, தானே எழுந்து உளூ செய்து தொழுகிறார்.

இந்தக் கருவிகளெல்லாம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்தவை. ஆனால் வெட்டாமல் முடியுமா, வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எவ்வளவு சிறிதாக வெட்டலாம் என்ற கேள்வியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, தன் மாணவர்களுக்குப் படம் வரைந்து பதில் எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அபுல் காசிம் கலஃப் இப்னு அல்-அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி என்பது அவர் பெயர். ஐரோப்பியர் அந்தப் பெயரைத் தம் நாக்குக்கு ஏற்றபடி அல்புகாசிஸ் என்று ஆக்கிக்கொண்டார்கள்.

ஸ்பெயின் அப்போது அந்தலூஸ். அதன் தலைநகரம் குர்துபா. உமையா கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், கி.பி. 936-ல் குர்துபாவுக்கு மேற்கே மலையடிவாரத்தில் மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற புதிய அரச நகரத்தைக் கட்டத் தொடங்கினார். நம் மருத்துவரின் பெயரில் இருக்கும் ஸஹ்ராவி என்ற சொல் அந்த ஊரைக் குறிப்பது. ஊர் எழும்பத் தொடங்கிய அதே காலத்தில்தான் அவரும் பிறந்தார் என்று கொள்கிறார்கள். பெயருடன் வரும் அல்-அன்சாரி என்ற அடைமொழி, மதீனாவின் அன்சாரிகள் வழிவந்த குடும்பம் என்று காட்டுகிறது.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி அக்கால வரலாற்று நூல்களில் இருப்பது சில வரிகள்தான். மன்னர்களின் படையெடுப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், நோயாளிகளுக்கு நடுவே ஒரு வாழ்நாளைக் கழித்தவருக்கு அதற்கு மேல் இடம் தரவில்லை. அவருக்குப் பின் வந்த அந்தலூஸ் அறிஞர் ஹுமைதி தம் நூலில், அவர் மார்க்கப் பற்றும் கல்வியும் நற்குணமும் உடையவர், மருத்துவத்தில் தேர்ந்தவர், பயன் மிகுந்த பெரிய நூல் ஒன்றை எழுதியவர், ஹிஜ்ரி 400-க்குப் பிறகு காலமானார் என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். இப்னு ஹஸ்மும் அந்த நூலைப் பாராட்டியிருக்கிறார். மற்றபடி இந்த மனிதரை நாம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவருடைய நூலுக்குள்தான் போக வேண்டும். அங்கே அவர் தாராளமாகவே பேசுகிறார்.

அந்த நூலின் பெயர் கிதாபுத் தஸ்ரீஃப். முப்பது பாகங்கள். நோய்களின் வகை, மருந்துக் கூட்டுகள், உணவு, மாத்திரை, தைலம், களிம்பு என்று விரிந்துகொண்டே போகும் மருத்துவக் களஞ்சியம். தாமாக நூல்களைத் தேடித் திரட்ட முடியாதவருக்கு இது ஒன்றே கைகொடுக்கட்டும் என்ற எண்ணம் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டி அதை முடித்தார் என்று கணிக்கிறார்கள். முப்பதாவது, அதாவது கடைசிப் பாகம்தான் அறுவை மருத்துவம். அதில் மூன்று பகுதிகள்: சூடு போடுதல், அறுத்தலும் தைத்தலும், எலும்பு முறிவு. ஏறக்குறைய 200 கருவிகளுக்குப் படம் வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றும் எந்த உலோகத்தில், எந்தத் தடிமனில், எதற்காக என்று கொல்லனுக்குச் சொல்வது போல எழுதியிருக்கிறார். எழுத்தில் மாணவர்களைத் தம் பிள்ளைகளே என்று அழைப்பது அவருடைய வழக்கம்.

அறுவை மருத்துவத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தம் நாட்டில் இந்தக் கலை ஏறக்குறைய அழிந்துவிட்டது, கையால் செய்யத் தெரிந்தவர் எவருமில்லை என்று அந்தப் பாகத்தின் முன்னுரையிலேயே வருந்துகிறார். உடற்கூறு தெரியாமல் கத்தியைத் தொடுகிறவன் மனிதனைக் கொல்லாமல் விடமாட்டான் என்பது அவர் கருத்து. அதற்குச் சான்றாகத் தாம் கண்ணால் கண்ட சம்பவங்களைச் சொல்கிறார். அவற்றில் ஒன்று நம் பேச்சுக்கு நேராக வருகிறது.

வயது முதிர்ந்த ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் பெரிய கல். ஸஹ்ராவியை அழைத்தார்கள். அவர் போய்ப் பார்த்தார்; கல்லின் அளவையும் பெரியவரின் உடல்நிலையையும் சேர்த்து எடை போட்டார்; அறுத்தால் இவர் பிழைக்கமாட்டார் என்று முடிவு செய்து விலகிக்கொண்டார். வேறொருவர் துணிந்தார். கல் வெளியே வந்தது, கூடவே சிறுநீர்ப்பையின் ஒரு துண்டும் வந்தது. மூன்று நாள் அளவில் பெரியவர் இறந்துபோனார்.

நாம் இந்தச் சம்பவத்தை ஒரு மருத்துவரின் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. முடியும் என்று சொல்லிப் பேரும் பணமும் பெறக்கூடிய இடத்தில் முடியாது என்று சொல்வது லேசான காரியமல்ல. குடும்பத்தார் அழுதுகொண்டு நிற்பார்கள், அடுத்த தெருவில் ஒருவர் தயாராக இருப்பார். அறுவைச் சிகிச்சைகளைப் பாதுகாப்பானவை, ஆபத்தானவை என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் எது எந்த வகை என்று அவர் குறித்துக்கொண்டே போவதன் பின்னணி இதுதான்.

இனி சிறுநீர்ப் பாதை பற்றி அவர் எழுதியவற்றைப் பார்ப்போம். முதலில் சிறுநீர் அடைத்துக்கொள்வது. கல்லாலோ, உறைந்த இரத்தத்தாலோ, சீழாலோ, சதை வளர்ச்சியாலோ வழி அடைபட்டு, பை நிரம்பி, மனிதன் துடிக்கும் நிலை. மருந்துகள் பலன் தராவிட்டால் குழாய் போடச் சொல்கிறார். வெள்ளியில் செய்த குழாய்; பறவையின் இறகுத் தண்டு போல மெல்லியது, வழவழப்பானது, உள்ளே துளையுள்ளது; நீளம் சுமார் ஒன்றரைச் சாண்; தலைப்பில் சிறு புனல். அதற்குள் இரட்டை நூலை ஓட்டி, நூலின் நுனியில் கொஞ்சம் கம்பளியோ பஞ்சோ கட்டி, குழாயின் உள்முனையை அடைத்துவிட வேண்டும். குழாய்க்கு எண்ணெயோ வெண்ணெயோ முட்டையின் வெள்ளைக் கருவோ தடவ வேண்டும். நோயாளியை ஓர் இருக்கையில் உட்கார வைத்து, உறுப்பை முதலில் தொப்புள் பக்கம் உயர்த்திப் பிடித்து, பாதை வளையும் இடத்தில் குழாயின் போக்கையும் மாற்றி, மெல்ல மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். குழாய் பைக்குள் விழுந்தது கைக்குத் தெரியும். அப்போது நூலை இழுத்தால் பஞ்சு வெளியே வரும், அதன் பின்னாலேயே சிறுநீரும் வரும்.

எவ்வளவு எளிய தந்திரம் என்று பாருங்கள். இன்று எல்லா மருத்துவமனையிலும் போடும் ரப்பர், சிலிக்கான் குழாய்க்கும் இதற்கும் பொருளில்தான் வேறுபாடு. உடம்பின் வளைவை அறிந்து, அதோடு சண்டை போடாமல் போவது அப்படியே இருக்கிறது.

அடுத்து சிறுநீர்ப்பையைக் கழுவுவது. பைக்குள் புண்ணோ சீழோ இருந்தால் மருந்து நீரை உள்ளே செலுத்த ஒரு பீச்சுக்குழலைச் சொல்கிறார். வெள்ளியிலோ தந்தத்திலோ செய்தது; நுனியில் மூன்று துளைகள், ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. உள்ளே கச்சிதமாகப் பொருந்தும் தண்டை இழுத்தால் நீர் ஏற வேண்டும், தள்ளினால் பீய்ச்ச வேண்டும். இதை விளக்க அவர் எடுத்துக்காட்டுவது, கடற்போரில் எதிரிக் கப்பல் மீது எரியெண்ணெய் பீய்ச்சும் குழலை. கப்பலைக் கொளுத்தும் கருவியின் நுட்பத்தை நோயாளியின் புண்ணைக் கழுவத் திருப்பியிருக்கிறார்கள்.

கல்லுக்கு வருவோம். அந்தக் காலத்தில் கல் என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் வரும் கல், அதுவும் சிறுவர்களுக்கு. இன்று அது குறைந்து, பெரியவர்களின் சிறுநீரகத்தில் வருவதே அதிகமாகிவிட்டது. ஸஹ்ராவியும் சிறுவர்களுக்கே இது அதிகம் என்கிறார். சிறுநீர் தண்ணீர் போல இருப்பது, அதில் மணல் தென்படுவது, பிள்ளை தன் உறுப்பை அடிக்கடி கசக்கிக்கொள்வது ஆகியவற்றை அடையாளமாகச் சொல்கிறார். பதினான்கு வயதுக்குள் அறுவை எளிது, முதுமையில் கடினம் என்றும் எழுதுகிறார்.

கல் பையிலிருந்து நகர்ந்து வெளியேறும் பாதையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? இந்த இடத்துக்காகத்தான் நாம் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தோம். அவர் கத்தியை எடுக்கச் சொல்லவில்லை. மிஷ்அப் என்ற ஒரு மெல்லிய துளைக் கருவியைச் சொல்கிறார். எஃகுக் கம்பி, நுனி முக்கோணமாகவும் கூர்மையாகவும் இருக்கும், மரப்பிடியில் செருகப்பட்டிருக்கும். முதலில் கல்லுக்குப் பின்னால், அதாவது பையின் பக்கம், உறுப்பைச் சுற்றி நூலால் கட்டிவிட வேண்டும். கல் மீண்டும் பைக்குள் ஓடிவிடக் கூடாது. பிறகு கம்பியை மெதுவாக உள்ளே விட்டு, கல்லைத் தொட்டதும், கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் துளைக்க வேண்டும். மறுபக்கம் வரை துளை விழுந்த உடனே அடைபட்டிருந்த சிறுநீர் பாயும். அதன் பின் வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் துளைபட்ட கல் நொறுங்கும். துண்டுகள் சிறுநீரோடு வெளியேறிவிடும்.

மயக்க மருந்து இல்லை. விளக்கு இல்லை, கேமரா இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நுனியின் உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை. கொஞ்சம் விசை கூடினால் பாதை கிழியும். அதனால்தான் அவருடைய வரிகளில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது.

இதுவும் பலிக்காவிட்டால்தான் வெட்டு. அப்போதும் கல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டு நூல் கட்டி, நடுவில் கல்லின் மேலேயே சிறிதாகக் கீறி எடுக்கச் சொல்கிறார். கட்டும் முன் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டால், பிறகு நூலை அவிழ்க்கும்போது தோல் தன் இடத்துக்குத் திரும்பிக் காயத்தின் மேல் மூடிக்கொள்ளும்.

பையிலேயே தங்கிவிட்ட கல்லுக்கு அறுவையைத் தவிர அவருக்கு வழி தெரிந்திருக்கவில்லை. அதையும் அவர் செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். முதல் வேலை குடலைச் சுத்தம் செய்வது. பிறகு நோயாளியைக் குதிக்கச் சொல்வது, கல் பையின் கழுத்துக்கு இறங்குவதற்காக. பின்னர் மலவாய் வழியாக விரலை விட்டுக் கல்லைத் தேடி, வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மலவாய்க்கும் விதைப்பைக்கும் இடையே, நடுக்கோட்டில் அல்லாமல் இடப்பக்கம் சாய்வாக வெட்ட வேண்டும். வெளிவெட்டு கொஞ்சம் அகலமாக இருக்கலாம்; உள்வெட்டு கல் வரும் அளவுக்கு மேல் போகவே கூடாது. கல் பெரிதாக இருந்தால்? வெட்டைப் பெரிதாக்குவது அறியாமை என்கிறார். ஒன்று நோயாளி இறப்பார், இல்லையென்றால் காயம் ஆறாமல் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே இடுக்கியால் கல்லைப் பிடித்து, உள்ளேயே உடைத்து, துண்டு துண்டாக எடுக்கச் சொல்கிறார். காயத்தை நோயாளியின் உடம்புக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டு, கல்லைக் காயத்துக்கு ஏற்றபடி சிறிதாக்குவது. இன்று முதுகில் துளை போட்டு எடுக்கும் மருத்துவர் செய்வதும் இதைத்தான். எடுத்த பிறகு காயத்தில் குந்திரிக்கம், மூசாம்பரம் போன்றவற்றின் பொடியை வைத்துக் கட்டுவார்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யும் கத்னாவுக்கும் அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். பழைய கிரேக்க மருத்துவர்களின் நூல்களில் இதற்கு வழிகாட்டல் இல்லை, ஏனென்றால் அவர்களிடம் இந்த வழக்கமே இல்லை. ஆகவே தம் அனுபவத்திலிருந்து சொல்வதாகக் குறிப்பிடுகிறார். பல முறைகளை ஒப்பிட்டு, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே மேல் என்கிறார். பிள்ளை கத்தரிக்கோலைப் பார்த்துவிடாமல் மறைத்து வைக்கச் சொல்வதும், நூல் மட்டும்தான் கட்டப் போகிறேன் என்று பேசி அவனைச் சந்தோஷப்படுத்தச் சொல்வதும் அதே அத்தியாயத்தில்தான் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய மருத்துவர் நம் ஊர் ஒஸ்தாவைப் போலவே பேசுவதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அடுத்து வரும் ஓர் அத்தியாயம் சிரிக்கக் கூடியதல்ல. பெண்களுக்கு வரும் கல்லைப் பற்றியது. பெண்களுக்கு இது அரிதாகவே வரும், வந்தால் சிகிச்சை மிகக் கடினம் என்று தொடங்கி, காரணங்களை அடுக்குகிறார். நாணமுள்ள பெண் தன் உடம்பை மருத்துவரிடம் காட்டமாட்டாள். இந்த வேலையில் தேர்ந்த பெண்ணோ கிடைப்பதில்லை. வெட்ட வேண்டிய இடமும் ஆழத்தில் இருப்பதால் ஆபத்து அதிகம். அதற்காக, விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடுங்கள் என்கிறார். கிடைக்காவிட்டால் ஒழுக்கமுள்ள ஆண் மருத்துவர், பெண்களின் விஷயத்தில் அனுபவமுள்ள மருத்துவச்சியையோ, இந்தக் கலையில் கொஞ்சம் பழகிய பெண்ணையோ அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகச் சொல்லிச் சொல்லி அவள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும் என்கிறார். நாணத்தைக் குறை சொல்லாமலும், நாணத்துக்காக உயிரைப் பலி கொடுக்காமலும் அவர் ஒரு வழி கண்டிருக்கிறார்.

நம் உறவில் ஒரு மாமி உண்டு. சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி காய்ச்சல், இடுப்பு வலி. எல்லாவற்றையும் எட்டு மாதம் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சீரகத் தண்ணீர், பார்லி கஞ்சி என்று சமாளித்தார். மகளிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் குளிர் காய்ச்சலில் நடுங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். ஒரு பக்கச் சிறுநீரகத்தில் கல் அடைத்து, சீழ் கட்டியிருந்தது. முதலில் குழாய் போட்டுச் சீழை வடித்து, பிறகே கல்லை எடுக்க முடிந்தது. அந்தச் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிம்மா என்றார். பெண் மருத்துவர் அல்லது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்டுப் பெறலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குர்துபாவின் மருத்துவர் எழுதிய அத்தியாயத்தை அதன் பிறகுதான் நாம் படித்தோம்.

ஸஹ்ராவியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் அவரே எல்லாவற்றையும் கண்டுபிடித்தார் என்று இருக்கும். அது அவருக்கே பிடிக்காது. பையிலுள்ள கல்லை அறுத்தெடுக்கும் முறையும், வெள்ளிக் குழாயில் பஞ்சு வைக்கும் தந்திரமும் ஏழாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் பவுலின் நூலிலிருந்து வந்தவை. முன்னோரின் நூல்களைப் படித்துத் தேறினேன், பிறகு என் கையால் செய்து பார்த்தேன் என்பதே அவர் சொல்லும் கணக்கு. எல்லாம் சரியாகவும் இருக்கவில்லை. சிறுநீரக வலிக்கு இடுப்பில் இரும்பைக் காய்ச்சிச் சூடு போடும் முறையும் அதே பாகத்தில் இருக்கிறது. இன்று எந்த மருத்துவரும் அதை ஏற்கமாட்டார். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல் அவர் கைக்கு எட்டாததாகவே இருந்தது.

அவருடைய கடைசி ஆண்டுகள் நல்ல ஆண்டுகளாக இல்லை. கி.பி. 1009-ல் குர்துபாவில் உள்நாட்டுக் கலகம் வெடித்தது. அடுத்த ஆண்டே மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. அவரோடு கூடவே வளர்ந்த நகரம், அவர் கண் முன்னாலேயே இடிந்தது. கி.பி. 1013-ஐ ஒட்டி, ஹிஜ்ரி 404 வாக்கில், அவர் காலமானார்.

நூல் பிழைத்தது. 12-ஆம் நூற்றாண்டில் டோலிடோ நகரத்தில் ஜெரார்ட் என்பவர் அறுவைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெரிய அறுவை மருத்துவர் கீ த ஷோலியாக் தம் நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை ஸஹ்ராவியை எடுத்துக்காட்டுகிறார். 1465-ல் அனடோலியாவின் அமாஸ்யா நகரத்து மருத்துவர் ஷரஃபுத்தீன் சபூன்ஜு ஓக்லு, இதைத் தழுவித் துருக்கி மொழியில் எழுதி, சிகிச்சை நடக்கும் காட்சிகளை வண்ணப் படங்களாகத் தீட்டினார். பெண் நோயாளிக்குப் பெண்ணே சிகிச்சை செய்யும் படங்களும் அதில் உண்டு. 1497-ல் வெனிஸில் லத்தீன் நூல் அச்சேறியது. 1778-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபு மூலமும் அச்சாகியது.

வெட்டாமல் கல்லை உடைப்பது மட்டும் நெடுங்காலம் காத்திருந்தது. 1824-ல் பாரிஸில் ஜான் சிவியால் என்ற மருத்துவர், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்தி, பைக்குள் இருந்த கல்லை மூன்று கொக்கிகளால் பிடித்துத் துளைத்து நொறுக்கினார். பிறகு இரண்டு முறைகளின் கணக்கையும் எடுத்துப் பார்த்தார்கள். அறுத்து எடுத்தவர்களில் 100-க்கு 18 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். உடைத்து எடுத்தவர்களில் 100-க்கு 2 பேர் சொச்சம். இந்த எண்களைப் பார்த்த பிறகு, ஸஹ்ராவி கத்தியைக் கண்டு ஏன் தயங்கினார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. சிவியாலும் குருட்டுக் கையாகத்தான் வேலை செய்தார். 1870-களின் இறுதியில் மாக்ஸ் நிட்ஸே விளக்கு பொருத்திய குழாயைச் செய்த பிறகே மருத்துவர்கள் பைக்குள் கண்ணால் பார்த்தார்கள். 1976-ல் ஸ்வீடனில் முதுகுத் துளை வழியாகச் சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். 1980-ல் மியூனிக்கில், உடம்பைத் தொடாமலேயே வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்கினார்கள்.

துளைவழிச் சிகிச்சை என்றால் விளையாட்டு என்று நினைத்துவிடவும் கூடாது. கல்லை உடைத்த பிறகு சிறுநீரகத்துக்கும் பைக்கும் இடையே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் சில வாரங்களுக்கு வைத்து அனுப்புவது வழக்கம். வலி போய்விட்டதென்று அதை எடுக்கப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாதங்கள் கடந்தால் அந்தக் குழாயின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கவே இன்னொரு சிகிச்சை தேவைப்படும். ஸ்டென்ட் வைத்திருக்கிறீர்களா, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு, வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். பயணம் போகிறவர்கள் முக்கியமாக; சவூதிக்கோ துபாய்க்கோ டிக்கெட் போட்ட பிறகு ஸ்டென்ட் நினைவுக்கு வந்து பயனில்லை.

இடிந்துபோன மதீனத்துஸ் ஸஹ்ரா பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்தது. 1911-ல் அகழத் தொடங்கினார்கள். 2018-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குர்துபாவின் பழைய நகரத்தில் ஒரு சின்னத் தெருவுக்கு அல்புகாசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.